நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி இருக்கிறது, வயலில் இறங்குபவருக்கு ஏன் இல்லை?

வெள்ளவத்தை வாசகி (கேள்வி):

எங்கள் வீட்டு நாய்க்கு வருடாந்தத் தடுப்பூசி போடுவதற்காக அண்மையில் தெகிவளையில் ஒரு மிருக வைத்தியரிடம் போயிருந்தோம். அந்த ஊசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் சேர்ந்திருப்பதை, தடுப்பூசி அட்டையில் அவர் ஒட்டித் தந்த சிறிய லேபிளைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். கிளிநொச்சியில் நெல் செய்யும் என் சித்தப்பாவுக்கோ, பெரும்போகம் தொடங்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளைத்தான் கொடுக்கிறார். வாரம் ஒருமுறை இரண்டு குளிசைகள் எடுக்க வேண்டும். நெஞ்சு எரிகிறது என்று அவர் இடையில் நிறுத்திவிடுகிறார். ஏற்புவலி (டெட்டனஸ்), தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), நெருப்புக் காய்ச்சல் (டைபோயிட்) என்று எத்தனையோ பக்டீரியா நோய்களுக்கு மனிதருக்கான தடுப்பூசி இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இல்லை? நாய்க்குப் போடுவதையே திருத்தி மனிதருக்குத் தர முடியாதா?

மிருக வைத்தியர் ஒருவர்:

நாய்களுக்கான ஊசியில் இருப்பது எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, கொல்லப்பட்டு முழுதாக. முன்பு அதில் இரண்டு வகைகள் மட்டுமே இருந்தன. இப்போது நான்கு வகைகள் கொண்டவையும் வந்துள்ளன. ஊசியில் இல்லாத வகை தொற்றினால் அது காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. பாதுகாப்பும் ஓராண்டளவில் தேய்ந்துவிடுவதால்தான் உங்களை ஆண்டுதோறும் வரச் சொல்கிறோம். இந்தப் பக்டீரியாவை வளர்க்கும் ஊடகத்தில் மாட்டுப் புரதம் சேர்க்கப்படுகிறது. அதன் மிச்சம் ஊசியில் தங்கினால் ஒவ்வாமை வரலாம். ஊசி போட்ட சிறிது நேரத்தில் முகம் வீங்கி வரும் நாய்களை நாங்கள் அவ்வப்போது பார்ப்பதுண்டு. நலமாக இருக்கும் விவசாயிகள் ஆயிரக்கணக்கானோருக்கு ஆண்டுதோறும் அப்படியொரு ஊசியைப் போட எந்தச் சுகாதாரத் துறையும் எளிதில் துணியாது.

ஆய்வுகூடத்தார்:

கேள்வியில் குறிப்பிட்ட நோய்களையே எடுத்துக்கொள்வோம். ஏற்புவலியிலும் தொண்டைக்கரப்பானிலும் ஆளைக் கொல்வது பக்டீரியா சுரக்கும் நஞ்சு. கஸ்தோன் ரமோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1920களில் அந்த நஞ்சை ஃபோர்மலினால் செயலிழக்கச் செய்து, அதன் உருவத்தை மட்டும் உடலுக்குக் காட்டும் வழியைக் கண்டார். நஞ்சு ஒன்றாக இருப்பதால் தடுப்பூசியும் ஒன்றே போதும். நெருப்புக் காய்ச்சல் பக்டீரியா, விஐ எனப்படும் சர்க்கரைச் சங்கிலியாலான ஓர் உறையைப் போர்த்தியிருக்கிறது. அந்தச் சர்க்கரையை மட்டும் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஏற்புவலி நஞ்சிலிருந்து செய்த புரதத்துடன் பிணைத்துக் கொடுத்தாலோ, குழந்தையின் உடலும் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது.

லெப்டோஸ்பைராவில் இந்த இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. ஒரே நஞ்சைப் பிடித்து மடக்க முடியாது. நம் உடல் முதலில் அடையாளம் காண்பது அதன் மேற்பரப்பிலுள்ள கொழுப்புச் சர்க்கரையைத்தான். அதுவோ வகைக்கு வகை மாறும் சட்டை, அத்தகைய வகைகள் 300 வரை அறியப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு எதிராக நம் உடல் உருவாக்கும் பிறபொருளெதிரி (அன்டிபொடி) மற்றொன்றைக் கண்டுகொள்வதில்லை. எல்லா வகைகளுக்கும் பொதுவான புரதங்களைத் தேடியவர்கள், லிக்ஏ போன்றவை வெள்ளெலிகளைச் சாவிலிருந்து காப்பதைக் கண்டார்கள். ஆயினும் பிழைத்த விலங்கின் சிறுநீரகத்தில் பக்டீரியா தங்கிவிடுவது பல சோதனைகளில் தெரியவந்தது. எலி தான் நோய்ப்படாமலே சிறுநீரில் நோயைப் பரப்புவதும் சிறுநீரகத்தில் அது தங்குவதால்தான் என்பதால், இது சின்னக் குறை அல்ல.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு முயற்சி. இந்தப் பக்டீரியா திருகாணிபோல் சுழன்று திசுக்களைத் துளைப்பதற்குத் தேவையான எஃப்சிபிஏ என்ற புரதத்தை நீக்கினால், அது உயிரோடு இருந்தும் நகர முடியாமல் போகிறது. அப்படி முடக்கிய உயிருள்ள பக்டீரியாவைக் கொடுத்தபோது வெள்ளெலிகளில் வேறு வகைகளுக்கு எதிராகவும் பாதுகாப்பு கிடைத்தது. விலங்கில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

பொரளைக்காரன்:

விஞ்ஞானத் தடை உண்மைதான், ஆனால் அதுவே முழுக் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. நெருப்புக் காய்ச்சலுக்கான பிணைப்புத் தடுப்பூசியொன்று வியட்நாமில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் பலன் தந்ததாக 2001இலேயே வெளியானது. உலக சுகாதார நிறுவனம் இவ்வகைத் தடுப்பூசியைப் பரிந்துரைத்ததோ 2018இல். இடைப்பட்ட 17 ஆண்டுகளில் குறைவாக இருந்தது அறிவு அல்ல. வாங்கும் சக்தியுள்ள சந்தை. எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் உலகில் சுமார் 10 இலட்சம் பேரைத் தாக்கி ஏறத்தாழ 59,000 பேரைக் கொல்கிறது என்று 2015இல் கணக்கிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் சேற்றில் இறங்கி வேலை செய்யும் ஏழைகள். இலங்கையில் 2008இல் மட்டும் 7,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. நாய்த் தடுப்பூசிக்குப் பணம் கொடுக்க நகரத்தில் ஆள் இருக்கிறது, அதனால் அதை மேம்படுத்தவும் கம்பனிகள் இருக்கின்றன.

வெள்ளவத்தை வாசகி:

அனைவருக்கும் நன்றி. பிரான்சில் கழிவுநீர்க் கால்வாய்த் தொழிலாளர்களுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுவதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். அதை இங்கே இறக்குமதி செய்ய முடியாதா?

ஆய்வுகூடத்தார்:

உங்கள் உறவினர் சொல்வது சரி. கியூபாவிலும் சீனாவிலும்கூட மனிதருக்கான ஊசிகள் உண்டு. பிரெஞ்சு ஊசி ஒரேயொரு வகைக்கு எதிரானது. பாரிஸ் கால்வாயில் ஆபத்து பெரும்பாலும் எலியிடமிருந்து வருவதால் அங்கே அது பொருந்தும். நம் வயல்களில் எலியோடு மாடும் எருமையும் நாயும் சேர்ந்து பல வகைகளைப் பரப்புகின்றன. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர் தனக்கு இனி ஒன்றும் வராதென்று குளிசையையும் விட்டுவிட்டால் நிலைமை மோசமாகும்.

சித்தப்பாவின் நெஞ்செரிவுக்கு ஒரு வார்த்தை. டொக்சிசைக்கிளினைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். எடுத்த பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரவில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களுக்கே அந்த எரிவு அதிகம் வருகிறது. அப்படியும் குறையாவிட்டால் தானாக நிறுத்தாமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கச் சொல்லுங்கள். காலில் வெட்டுக்காயம் இருக்கும் நாட்களில் வயலில் இறங்காதிருப்பது நல்லது, குளிசை எடுத்திருந்தாலும் சரி.