அறைக்குள் கரிச்சட்டி, ஆக்சிமீட்டரில் 98: பயப்பட வேண்டுமா?

தேவிகுளம் மருமகள்:
எங்கள் எஸ்டேட் லயத்தில் தை மாதக் குளிர் தாங்க முடியாது. அத்தை ராத்திரி கரிச்சட்டியில் கங்கு போட்டு அறைக்குள் வைத்து, ஜன்னல் இடுக்கில் சாக்கும் செருகிவிடுகிறார். விடிந்தால் எங்கள் இருவருக்கும் தலைவலி, குமட்டல். வெளியே போனதும் சரியாகிவிடுகிறது. விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 98. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடாக இருக்குமோ என்றால், நாத்தனார் மகன் "அது உடம்பே உண்டாக்குற வாயு, மருந்தாக்கக்கூட ஆராய்ச்சி நடக்குது" என்கிறான். நான் ஐந்து மாதம்.

வண்டிப்பெரியாறு நர்ஸ்:
தங்கச்சி, இன்று ராத்திரியே சட்டி வெளியே போகட்டும். அந்த 98-ஐ நம்பவே நம்பாதே. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏந்தியதாகவே விரல் கருவி கணக்கிடும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயு ஒட்டிக்கொள்கிறது. கங்கில் புகை இல்லையே என்பார் அத்தை. இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

தலைவலி இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இருவரும். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும், சாயங்காலம் போனால் பிடிபடாது. மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் பாதியாகச் சுமார் 80 நிமிடம். வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்திலிருந்து இது தாயைவிட மெதுவாகத்தான் இறங்கும். கர்ப்பம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடு.

பாலக்காடு லேப்காரர்:
அந்த நாத்தனார் மகன் சொன்னதில் உண்மை உண்டு. பழைய சிவப்பணுக்களின் ஹீமை (ஹீமோகுளோபினில் இரும்பு உள்ள பகுதி) உடம்பு உடைக்கும்போது கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு வரும். மஞ்சள் நிற பிலிருபினும் அந்த வழியில்தான் வருகிறது. புகைக்காதவர் ஹீமோகுளோபினிலும் 1 சதவீதம் போல இது ஒட்டியிருக்கும். நரம்புகளுக்கு இடையே இது தூது போகலாம் என்று 1993-இல் ஓர் ஆய்வு வந்தது. நுரையீரல் பரிசோதனை ஒன்றில் சுமார் 0.3 சதவீதம் கலந்த காற்றை ஒரே மூச்சு இழுக்கச் சொல்லி அளப்போம். எல்லாம் அளந்த அளவு. கரிச்சட்டிக்கு ஏது அளவு?

தேவிகுளம் மருமகள்:
சட்டியை முற்றத்துக்கு எடுத்தாயிற்று அக்கா. காலையில் ஜீப்பில் கிளம்புகிறோம். அத்தைக்கு இப்போது தலைவலி இல்லை, அவரும் வர வேண்டுமா?

வண்டிப்பெரியாறு நர்ஸ்:
கட்டாயம். சிலருக்கு நாள், வாரம் கழித்துக்கூட மறதியும் தடுமாற்றமும் வருவதுண்டு. ராத்திரிக்கு வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி. ஜன்னல் சாக்கையும் எடுத்துவிடு.