ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இவ்வளவு நேரமா?

பிக்கப்காரன், கோத்தகிரி:
வயது 46. தோட்டங்களில் தேயிலை மூட்டை ஏற்றி ஃபேக்டரியில் இறக்கும் பிக்கப் ஓட்டுகிறேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை முடிந்தால் அரை மணியில் மறுபடி தயார். இப்போது உச்சம் வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் ராத்திரி வரைக்கும் உடம்பு அசைந்து கொடுப்பதில்லை. முதல் தடவையில் ஒரு குறையும் கிடையாது. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் சுவரொட்டி பார்த்து ஒரு லாட்ஜுக்குப் போனேன். நாடி பிடித்தவர், ‘சின்ன வயசுப் பழக்கம், தாது வற்றிப்போச்சு’ என்று 3,800 ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். பாதி டப்பா காலி, ஏப்பம்தான் வருகிறது. மச்சான், ‘எல்லாம் குளிர், ரெண்டு பெக் பிராந்தி போடுங்க’ என்கிறான். இது நோயா?

மாத்திரைக்கிழவர், குன்னூர்:
நோய் இல்லை தம்பி. மருந்துக்கடையில் 31 வருஷம் நின்றவன் சொல்கிறேன். உச்சத்துக்கு அப்புறம் கொஞ்ச நேரம் விறைப்பு வராது, வந்தாலும் இன்னொரு உச்சம் வராது. கிட்டத்தட்ட எல்லா ஆணுக்கும் உள்ளதுதான். 1966-இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் புத்தகத்திலேயே எழுதி வைத்தார்கள். இருபது வயதில் சில நிமிஷம் போதும். நாற்பதைத் தாண்டினால் மணிக்கணக்கு, அப்புறம் ஒரு நாள், அதற்கு மேலும் ஆகலாம். ஆளுக்கு ஆள் மாறும்.

ஏன் என்பது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. புரோலாக்டின் ஹார்மோன்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். 2021-இல் போர்ச்சுகலில் சுண்டெலிகளுக்கு அதைக் கூட்டியும் தடுத்தும் பார்த்தார்கள், இடைவெளி மாறவில்லை.

தாது வற்றுவதெல்லாம் கதை. விந்து வாழ்நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்று கேட்டே வளர்ந்தோமா, அந்தப் பயத்தில் எத்தனை லாட்ஜ் வாடகை கட்டுகிறது! 1960-இலேயே என்.என். விக் என்ற நம் நாட்டு மனநல மருத்துவர் இந்தப் பயத்துக்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

பிராந்தி வேண்டாம், அது இருப்பதையும் கெடுக்கும். விறைப்புக்கு விற்கிற நீல மாத்திரையும் (வயாக்ரா) நீங்களாக வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் விழுந்து உயிரே போகும்.

ஒன்று கேட்கிறேன்: காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? சுகர், பிரஷர் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது?

அரை ஏக்கர்:
அண்ணே, நீங்க ஏத்துற இலைதானே? இன்னைக்குக் கிள்ளின செடியில நாளைக்கே கொழுந்து கேப்பீங்களா? ரவுண்டு வர நாளாகும். கவாத்து வெட்டின செடின்னா மாசக்கணக்கு. அதுக்காக யாரும் செடியைப் பிடுங்கிப் போடுறதில்ல. 😄

பிக்கப்காரன், கோத்தகிரி:
பெரியவரே, காலையில் இருக்கிறது. மாத்திரை எதுவும் கிடையாது. பிரஷர் சரி. சுகர் நேற்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன், வெறும் வயிற்றில் 138. இன்னொரு டெஸ்ட்டும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை டாக்டரிடம் வரச் சொன்னார்கள்.

அந்த லேகியம் வெல்லப்பாகாட்டம் இருக்கும், காலையும் ராத்திரியும் ரெண்டு ஸ்பூன் வேறு. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ‘நாலரைக்கு எழுந்து வண்டியெடுக்கிற ஆளுக்கு ரெண்டாவது எதுக்கு, தூங்குங்க’ என்றாள். டப்பாவைக் கழுவிக் கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.