கட்டிங்கில் கை அடிபட்டவருக்கு "லைட் வொர்க்" சீட்டு: செக்கிங்கில் உட்கார வைக்கலாமுங்களா?

கேள்வி:
திருப்பூர் பனியன் கம்பெனி, பணியாளர் பிரிவுங்க. கட்டிங் மெஷினில் வலது ஆள்காட்டி விரலின் தசைநார் அறுந்தவர், தைத்து நாலு வாரம் ஆகுது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்குது, மருத்துவ விடுப்பு சர்டிபிகேட் ஓடிட்டிருக்குது. ஆபரேஷன் செஞ்ச டாக்டர் சீட்டில் "லைட் வொர்க் பார்க்கலாம்"னு ஒரே வரி. சூப்பர்வைசர் செக்கிங்கில் (தைச்ச துணியில் குறை பார்க்கற வேலை) உட்காரச் சொல்றார். சரிதானுங்களா?

பதில் (ஈ.எஸ்.ஐ. வேலை பார்ப்பவர்):
இப்போதைக்கு உட்கார வைக்காதீங்க. ஈ.எஸ்.ஐ.யில் அரை வேலை, அரைப் பணம்னு நடுவழி கிடையாது. தற்காலிக ஊனப் பணம் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். சம்பளம் வாங்கி வேலை செஞ்ச நாளுக்கு அது கிடையாது. ரெண்டு மணி நேரம் செக்கிங் பார்த்து வருகைப் பதிவில் ஏறினாலும் அன்னைக்குப் பணம் போச்சு. பதிவில் ஏத்தாம உட்கார வைக்கிறது அதைவிட மோசம். மறுபடி அடிபட்டால் காட்ட ஒண்ணுமே இருக்காது.

இறுதி சர்டிபிகேட் வாங்கின பிறகுதான் வேலை. அதில் "வேலைக்குத் தகுதி"ன்னு தேதிதான் வரும், எந்த வேலைன்னு வராது. எதெது செய்யக் கூடாதுங்கிற கட்டுப்பாடுகளை டாக்டர்கிட்டத் தனிக் கடிதமா வாங்கிக்கணும்.

இன்னொண்ணு, 12ஆம் படிவத்தில் விபத்து அறிக்கை போயிருக்குதான்னு பாருங்க. போகலைன்னா இது சாதாரண நோய் விடுப்பா மாறிடும்: 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள்தான்.

பதில் (எலும்பு மருத்துவர்):
"லைட் வொர்க்" என்பது மருத்துவக் குறிப்பே இல்லை. டாக்டருக்கு லைட்டாத் தெரியறது உங்க கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்னு செய்யற வேலையா இருக்கலாம். அவர் உங்க ஹாலைப் பார்த்ததில்லை. அதனால் நீங்கதான் முதலில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்பணும்: எந்த மெஷின், எந்தக் கை, ஒரு பண்டல் எத்தனை கிலோ, உட்கார்ந்தா நின்னா, எத்தனை மணி நேரம்.

கடிதத்தில் அளவோட வரணும். "வலது கையால் 1 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது; இறுக்கிப் பிடிக்கக் கூடாது; கத்தி, கத்தரி கூடாது; 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது; இந்தத் தேதி வரை; மறுபரிசோதனை இந்தத் தேதி." கடைசித் தேதி இல்லாத கட்டுப்பாடு ஒண்ணு பத்தாம் நாளே மறந்து போகும், இல்லைன்னா ஆளை நிரந்தரமா ஓரங்கட்ட சாக்காகும்.

தைத்த தசைநார் முதல் 6 வாரம் ரொம்பப் பலவீனம். அப்போ வெடுக்குனு இழுத்தால் அறுந்துடும். பலமாப் பிடிக்க, பளு தூக்க சுமார் 12 வாரம் ஆகும். நாலாவது வாரத்தில் நூல் வெட்டற கத்தரிகூட வேண்டாம். விரல் மரத்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்க. அயர்னிங் பக்கம் விட்டால் சுட்டதே தெரியாது.

கேள்வி கேட்டவர்:
நல்லதுங்க. விரல் முழுசா மடங்காமப் போச்சுன்னா? கட்டிங்குக்குத் திரும்ப முடியாதே.

பதில் (ஈ.எஸ்.ஐ. வேலை பார்ப்பவர்):
இறுதி சர்டிபிகேட்டுக்குப் பிறகு 12 மாசத்துக்குள், நிரந்தர ஊனத்தை மதிப்பிடற மருத்துவக் குழுவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க. ஆள்காட்டி விரல் முழுசாப் போனால் சம்பாதிக்கிற திறனில் 14 சதவீதம் இழப்பு, நுனிக் கணு மட்டும் போனால் 9னு அட்டவணை இருக்குது. மடங்காத விரலுக்கு அப்படி நேரான கணக்கு இல்லை, குழு பார்த்துத்தான் முடிவு செய்யும். எந்தக் கணு எத்தனை டிகிரி மடங்குதுன்னு பிசியோதெரபி குறிப்பில் தேதியோட இருந்தால் அங்கே பேச்சு சுலபமாகும்.

செக்கிங்குக்கு மாத்தறதா இருந்தால் கூலி எவ்வளவுன்னு முன்னாடியே எழுத்தில் பேசி முடிச்சுடுங்க. கட்டிங் கூலிக்கும் செக்கிங் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் முக்கால்வாசி தகராறு கிளம்புது.