நான் கடலில் இருந்தபோது வந்த பராமரிப்புத் தொகை உத்தரவு: மேல்முறையீடு செய்யலாமா?

கரைதிரும்பி:
வணக்கம். கப்பலில் வேலை. ஏழு வாரம் கழித்து நேற்றுதான் கரை இறங்கினேன். மனைவியும் நானும் பிரிந்து வாழ்கிறோம். என் அடையாள அட்டையில் இன்னும் சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் அக்கா வீட்டு முகவரிதான். நீதிமன்றச் சம்மனை அக்கா கையெழுத்திட்டு வாங்கி, தம்பி வந்ததும் கொடுக்கலாம் என்று சாமி மேடையில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். விசாரணை நாளில் நான் இல்லை. மகளுக்கு மாதம் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று உத்தரவாகி 11 நாள் ஆகிறது. என் சம்பளம் 2,300. இதுவரை மாதம் 600 தவறாமல் அனுப்பியிருக்கிறேன். மேல்முறையீடு செய்யலாமா?

பழைய குமாஸ்தா:
தம்பி, அவசரப்பட்டு அந்தக் கதவைத் தட்டாதீர்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவு பார்ப்பது பெரும்பாலும் கீழே பதிவான சாட்சியங்களைத்தான். அங்கே உங்கள் தரப்பில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. உத்தரவிட்ட குடும்ப நீதிமன்றத்திலேயே, நீங்கள் இல்லாதபோது பிறப்பித்ததை ரத்து செய்து மறுபடி விசாரிக்கும்படி கேளுங்கள். ஏன் வரவில்லை, வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்ற இரண்டுக்கும் பிரமாணப் பத்திரத்தில் பதில் வேண்டும். கப்பலில் ஏறிய, இறங்கிய தேதிகளுடன் நிறுவனக் கடிதம், சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதிக் கணக்கு, 600 வெள்ளி அனுப்பிய வங்கிப் பதிவு எல்லாவற்றையும் இணையுங்கள். மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான். உங்களுக்கு மிச்சம் மூன்று. அதைக் கைவிடுவதா என்பதை நாளைக்கே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால், வருமானத்தைப் பொறுத்து அரசின் சட்ட உதவியும் கிடைக்கலாம்.

வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியை மாற்றவேண்டும் என்பது சட்டம். நீதிபதி கேட்பார், மழுப்பாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

இரு பிள்ளைகளின் அம்மா:
நான் எதிர்ப்பக்கம் நின்றவள், அதனால் சொல்கிறேன். என் வழக்கில் பிள்ளைகளின் அப்பா மூன்று முறை வரவில்லை. ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்து, குழந்தையின் பால்மாவு ரசீது முதல் துணைப்பாடக் கட்டணம் வரை கோப்பில் அடுக்கிக்கொண்டு போனேன். உங்கள் மனைவியும் அப்படித்தான் போயிருப்பார். அவர் கணக்கில் எது அதிகம் என்று ரசீதை வைத்துப் பேசுங்கள். அவரைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

கரைதிரும்பி:
நன்றி அக்கா, நியாயம்தான். ரத்தாகும்வரை 1,200 கட்டவேண்டுமா? பிறகு மாதர் சாசனத்தின்படி (பராமரிப்புத் தொகை பற்றிய சட்டம்) தொகையைக் குறைக்கக் கேட்கலாம் என்று நண்பர் சொன்னார்.

பழைய குமாஸ்தா:
மனு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது. நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்கவேண்டும். அதுவரை 600ஐ நிறுத்தவே கூடாது. முடிந்த அளவு கூட்டி அனுப்புங்கள். பாக்கி விழுந்தால் சம்பளத்தில் நேரடிப் பிடித்தம், சிறைவரை போகலாம். 2025 ஜனவரி முதல் பராமரிப்பு அமலாக்க அதிகாரிகளே இரு தரப்பின் பண நிலையையும் விசாரிக்கிறார்கள். நண்பர் சொன்ன குறைப்பு மனு பெரும்பாலும் உத்தரவுக்குப் பிறகு நிலைமை மாறியவர்களுக்கு. உங்கள் சம்பளம் அன்றும் இதேதான்.

கரைதிரும்பி:
நிறுவனக் கடிதம் கிடைத்துவிட்டது. நாளை காலை வழக்கறிஞரைப் பார்க்கிறேன். முகவரியையும் மாற்றிவிட்டேன். அக்கா இன்று வந்த மின்கட்டணச் சீட்டைக்கூடப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.