கரும்பொருளை வரைபுத் தாளில் தேடிய பிள்ளைகள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தமிழில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கரும்பொருள் (dark matter), அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள், என்று வாய் திறந்தாலே யூடியூப்பில் பார்த்த கதைகளோடு வந்துவிடுவார்கள். அதனால் அந்தச் சொல்லை எடுக்காமலே பாடத்தைத் தொடங்குவேன். ஈர்ப்புப் புலம் அலகு முடிந்த கையோடு செய்தால் நல்லது. தேவையான சூத்திரம் எல்லாம் அப்போது கைவசம் இருக்கும்.

முதலில் சூரியத் தொகுதி. புதனின் வேகம் செக்கனுக்கு 47 கிலோமீற்றர், பூமி 30, வியாழன் 13, நெப்டியூன் 5.4. தூரத்துக்கு எதிரே வேகத்தைக் குறித்தால் வளைகோடு மளமளவென்று இறங்கும். திணிவெல்லாம் நடுவில் இருந்தால், தூரம் நான்கு மடங்காகும்போது வேகம் பாதியாகும் என்பதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் எங்கள் பக்கத்து விண்மீன் மண்டலமான அந்திரோமீடா. தரவைக் கொடுக்க முன்னர், ஓரப் பகுதியின் வேகம் எப்படிப் போகும் என்று பென்சிலால் வரையச் சொல்வேன். இதை மட்டும் தவறவிடாதீர்கள். அநேகமாக எல்லாரும் இறங்குகிற கோடுதான் போடுவார்கள். பிறகு, 1970இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் வெளியிட்ட வரைபைக் காட்டுவேன். ஒளிரும் வாயு மேகங்களின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து எடுத்த வேகங்கள் அவை. அம்புலன்ஸ் சத்தத்தோடு டொப்ளர் விளைவை (மூலம் அசையும்போது அலைநீளம் மாறித் தெரிவதை) மூடிவைத்த பிள்ளைகளுக்கு, 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலும் அது வேலை செய்கிறது என்பதே பெரிய விஷயம். வெளிப்புறத்தில் வேகம் அவர்கள் நினைத்தபடி விழுவதில்லை. அவ்வளவு வேகத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற திணிவின் இழுப்புப் போதாது. பின்னாளில் ஐதரசனின் 21 சென்ரிமீற்றர் வானொலி அலையைக் கொண்டு இன்னும் வெளியே போய் அளந்தபோதும் அப்படித்தான்.

இனித்தான் வகுப்பு சூடுபிடிக்கும். ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், நடுவில பெரிய கருந்துளை இருக்குத்தானே, அது இழுக்காதா?"

"சரி, கணக்குப் போட்டுப் பாரம்மா" என்றேன். எங்கள் பால்வீதியையே எடுத்தோம். சூரியன் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தூரத்தில், செக்கனுக்கு 220 கிலோமீற்றர் அளவில் சுற்றுகிறது. வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் பிரித்தால், உள்ளே அடங்கும் திணிவு கிட்டத்தட்ட 9,000 கோடி சூரியன் வரும். மையக் கருந்துளை வெறும் 40 இலட்சம் சூரியன். அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது காணாது சேர்" என்றாள். தட்டு வடிவத்துக்கு இந்தக் கணிப்பு அண்ணளவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது.

இன்னொருவன் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது: "நியூட்டன்ட விதி அவ்வளவு தூரத்தில பிழைச்சா?" இப்படிக் கேட்கிற பிள்ளையை அடக்கவே கூடாது. 1983இல் பௌதிகவியலாளர் மில்க்ரோம் முன்வைத்தது கிட்டத்தட்ட இதைத்தான். விண்மீன் மண்டலங்களின் சுழற்சிக்கு அவருடைய திருத்தம் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பல விண்மீன் மண்டலங்கள் சேர்ந்த கொத்துகளில், 1933இலேயே வானியலாளர் சுவிக்கி திணிவு போதவில்லை என்று கண்ட அதே இடத்தில், அந்தத் திருத்தத்தைப் போட்டாலும் திணிவு போதாமல் இருக்கிறது. இவ்வளவையும் பேசி முடித்த பிறகுதான் கரும்பொருள் என்ற சொல்லைப் பலகையில் எழுதினேன். அந்தப் பொருள் எதனாலானது என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். வரைபுக்கே ஒன்று போய்விடும், பிள்ளைகளின் கேள்விகளுக்கு மற்றது முழுக்கத் தேவை.