நடுத்தாள் யாரிடம் இருக்கிறது?

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த புதிதில், வீட்டில் இருந்தால் காய் நறுக்கச் சொல்வார்கள் என்று காலையிலேயே கிளை நூலகத்துக்குக் கிளம்பிவிடுவேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கதவு திறந்த ஐந்தாவது நிமிடம் தினசரி தாள் தாளாகப் பிரிந்துவிடும். நடுத்தாள் மட்டும் எப்போதும் ஒரே பெரியவரிடம். கேட்டால் நிமிராமலே "தர்றேன், இருங்க" என்பார். அரை மணி ஆகும். எனக்கு உள்ளுக்குள் பொருமல்தான்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டில் மேட்டூர் அணைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். தேதி, நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று நான்கு கட்டம். ஆறு மா நிலம் குத்தகைக்குப் பயிர் செய்கிறவராம். ஜூன் 12 அன்று அணை திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்பது இவருக்குச் செய்தி அல்ல, சோறு.

"இதெல்லாம் போன்லயே வருதே ஐயா" என்றேன்.

"போன வருஷம் இதே நாள் எத்தனை அடின்னு உங்க போன் சொல்லுமா?"

சொல்லும் என்றுதான் நினைக்கிறேன். தேடத் தெரியாததால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் நவம்பரில் நூலக வார விழா வந்தது. வழக்கம்போல ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, நேரத்துக்கு வராத சிறப்பு விருந்தினர். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்ததும், "ஐயா, நீங்க கொஞ்ச நேரம் பேசுங்களேன்" என்று நூலகர் பெரியவரை எழுப்பிவிட்டார். அவருக்குப் பேச வரவில்லை. நோட்டை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, ஏழு வரிக்கு ஒரு வரி ஏன் சும்மா இருக்கு?"

"வெள்ளிக்கிழம நூலகம் லீவும்மா."

* * *

மேலே எழுதியவருக்கு: நான் வேறு ஊரில், ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தவன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்குத்தான் லீவு, பேப்பருக்கு இல்லை. எங்கள் ஊரில் பேப்பர் போடும் தம்பி கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவான். சனிக்கிழமை மேசைக்கு வருவது அன்றைய தாள், முந்தின நாளுடையது நேராகப் பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விடும். கேட்டால் எடுத்துக் கொடுப்போம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைத் தவிர யாரும் கேட்பதில்லை.

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. 1948 பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. தாள் படிக்க உறுப்பினர் அட்டைகூட வேண்டாம். 1931-இல் உங்கள் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்தார். அந்த மண்ணுக்காரர் பழைய தாள் ஒன்றைக் கேட்கத் தயங்கலாமா?

* * *

நூலகர் ஐயா சொன்ன, கட்டுப் பிரிக்கிற கூட்டம் நாங்கள்தான், நானும் அதில் ஒரு பெண். எங்கள் ஊர் நூலகத்தில் குரூப் 4-க்குப் படிப்பவர்கள் ஏழெட்டுப் பேர், நடப்பு நிகழ்வுக்காகப் பழைய பேப்பரை வாங்கிக் குறிப்பெடுப்போம். மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பதில் எங்களுக்கும் பெரியவர்களுக்கும் தினம் சண்டை. அதில் ரொம்பத் திட்டுகிறவர் போன மாதம் 1000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆனார். பலகையில் அவர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். இப்போது அதற்கும் சேர்த்து எங்களைத்தான் திட்டுகிறார்.

* * *

முதலில் எழுதியவன்தான். சனிக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அலமாரிக்கு அடியில் இருந்து நூலகர் கட்டை இழுத்துப் போட்டார். முந்தையதெல்லாம் எடைக்குப் போய்விட்டது, நான்கு வெள்ளிக்கிழமைத் தாள்தான் மிச்சம். மூன்று வரி நிரம்பியது. நான்காவது தாளில் அணைச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை. பின்பக்கம் ஏதோ வேலைவாய்ப்பு அறிவிப்பாம், யாரோ பிளேடு வைத்து அழகாக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

மேலே எழுதிய தங்கச்சி, உங்க ஊர்க் கூட்டத்துக்கு எங்க ஊரில் சொந்தக்காரர்கள் யாராவது உண்டா?