வீட்டுக் கணினிக்கு ஆன்லைன் பேக்கப் தேவையா?

போன வாரம் என் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. செருகினால் டிக் டிக் என்று சத்தம், அப்புறம் அமைதி. 5 வருடப் பழசு. கேபிள் மாற்றினேன், வேறு கணினியில் செருகினேன்; செருகிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில்கூடத் தெரியவில்லை. நல்லவேளை, அதிலிருந்த எல்லாம் விண்டோஸ் 11 லேப்டாப்பிலும் இருக்கின்றன. ஆனால் இப்போது அது ஒன்றுதான் பிரதி. மொத்தம் 400 ஜிபி, பெரும்பாலும் குழந்தையின் படங்கள்.

இலவச 15 ஜிபி கிளவுட் எப்போதோ நிரம்பிவிட்டது. அதுவும் வெறும் சிங்க்: இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். (குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும் என்று 31ஆம் நாள் தெரிந்துகொண்டவன் நான்.) அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ், எல்லாம் ஏற நிற்காமல் கிட்டத்தட்ட 4 நாள் ஆகும்.

புதிதாக 2 ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒன்றை உறவினர் வீட்டில் வைத்தால் போதுமா, இல்லை மாதாமாதம் காசு கட்டி ஆன்லைன் பேக்கப் போட்டே ஆகவேண்டுமா?